சேலத்துக்கு போலீஸ் கமிஷனர், எஸ்.பி. என்று இருவர்: எதற்கு யாரிடம் போவது?

கன்னங்குறிச்சியிலிருந்து: சார், கமிஷனர், எஸ்.பி. ரெண்டு பேருமே சேலத்துலதான் இருக்காங்க. மனுவை யார்கிட்ட கொடுக்கணும்?

நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்பது கணக்கில்லை, சம்பவம் எங்கே நடந்தது என்பதுதான் கணக்கு. கன்னங்குறிச்சி, அஸ்தம்பட்டி, கொண்டலாம்பட்டி ஸ்டேஷன்கள் மாநகர போலீஸ் கமிஷனருக்குக் கீழே வரும். ஏற்காடு, ஓமலூர், ஆத்தூர், மேட்டூர் எல்லாம் மாவட்ட எஸ்.பி. எல்லை. ஏற்காட்டில் நடந்ததற்கு கமிஷனர் ஆபீஸில் மனு கொடுத்தால், அது தபாலில் சுற்றி எஸ்.பி. ஆபீஸ் போய்ச் சேருவதற்குள் கடைக்கார கேமராவில் இருந்த பதிவு அழிந்து போயிருக்கும்.

ஓமலூரிலிருந்து: ஸ்டேஷன்ல புகாரை வாங்கவே மாட்டேங்கறாங்க. நேரா எஸ்.பி.யைப் பார்த்துடலாமா?

பார்க்கலாம், ஆனால் வரிசை தப்பக்கூடாது. முதலில் ஸ்டேஷனில் எழுத்தில் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (புகாரை வாங்கிப் பதிந்ததற்கான சீட்டு) கேளுங்கள். அந்த ரசீதையே எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) என்று நினைத்துப் பலர் மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள், இரண்டும் வேறு. எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால், பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173(4) பிரிவின்படி புகாரின் சாரத்தை எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம். வாரண்ட் இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் என்று அவருக்குத் தோன்றினால் தானே விசாரிக்க வேண்டும், அல்லது தனக்குக் கீழுள்ள அதிகாரியை விசாரிக்கச் சொல்ல வேண்டும். அதுவும் நடக்கவில்லையா, பிரமாணப் பத்திரத்தோடு மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். எஸ்.பி.க்கு அனுப்பியதற்கான தபால் அத்தாட்சி அங்கே கட்டாயம் தேவைப்படும், பத்திரமாக வையுங்கள்.

ஒரு விஷயம்: 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணை நடத்த சட்டமே இடம் தருகிறது. அந்தத் தாமதம் மறுப்பு ஆகாது. இன்னொன்று, பத்து வருட பங்காளிச் சண்டையை நான்கு பக்கம் எழுதி, அடித்த விஷயத்தைக் கடைசிப் பக்கத்தில் வைக்காதீர்கள். என்ன குற்றம், எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம்: முதல் பத்தியிலேயே வரட்டும்.

அம்மாபேட்டையிலிருந்து: குண்டர் சட்டத்துல போடறது கமிஷனரா, கலெக்டரா?

மாநகரில் கமிஷனரே உத்தரவு போடுவார். மாவட்டத்தில் எஸ்.பி. பரிந்துரைக்க, கலெக்டர் போடுவார். கமிஷனர், எஸ்.பி. பதவிகளுக்குள் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான். உத்தரவை 12 நாளுக்குள் அரசு ஏற்க வேண்டும், இல்லையேல் அது செல்லாது. அதிகபட்சம் 12 மாதம் காவலில் வைக்கலாம். காவலில் உள்ளவரை விடுவிக்கக் கேட்டு ஹைகோர்ட்டில் போடும் ஆள்கொணர்வு மனுவில் இந்த உத்தரவுகள் உடைவது பெரும்பாலும் ஆபீஸ் வேலையில்தான்: கைதானவருக்குக் கொடுத்த நகல்கள் படிக்க முடியாமல் இருக்கும், அல்லது குடும்பத்தார் அனுப்பிய முறையீடு காரணமில்லாமல் கிடப்பில் கிடந்திருக்கும். நல்ல கமிஷனர் ஆபீஸ் என்றால் ஜெராக்ஸ் தெளிவைக்கூட சரிபார்க்க வேண்டும்.

ஏற்காட்டிலிருந்து: எஸ்டேட்டுக்குத் துப்பாக்கி லைசென்ஸ் எஸ்.பி. தருவாரா?

இல்லை, கலெக்டர். எஸ்.பி. தருவது போலீஸ் அறிக்கை மட்டும். மாநகர எல்லைக்குள் என்றால் கமிஷனரே லைசென்ஸ் அதிகாரி.

ஏற்காட்டிலிருந்தே இன்னொருவர்: கோடை விழா சமயத்துல அடிவாரம் வழியா ஏறி குப்பனூர் வழியா இறங்கச் சொல்றாங்க. இதையும் எஸ்.பி.தான் முடிவு பண்றாரா?

பந்தோபஸ்து திட்டம் எஸ்.பி.யின் பொறுப்பு, அறிவிப்பு மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்து வரும். 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் பஸ்ஸும் இறங்கும் வேனும் ஒரே வளைவில் எதிரெதிரே மாட்டினால் பின்னால் வரும் ஆம்புலன்ஸும் நின்றுவிடும். உங்களுக்கு அது சுற்றுதான், ஆனாலும் வேறு வழியில்லை.

செவ்வாய்பேட்டையிலிருந்து: கொடுத்த கடனை வசூல் பண்ணித் தரச் சொல்லி கமிஷனர்கிட்ட மனு கொடுக்கலாமா?

வெறும் கடன் பாக்கி என்றால் சிவில் கோர்ட்டுதான். வசூல் செய்து தருவது போலீஸ் வேலை இல்லை. யாராவது செய்து தந்தால் அது கட்டப்பஞ்சாயத்து. ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றும் நோக்கம் இருந்தது என்று காட்ட ஆதாரம் இருந்தால் கதை வேறு. அப்போது மாநகரில் மத்திய குற்றப்பிரிவுக்கும் மாவட்டத்தில் மாவட்டக் குற்றப்பிரிவுக்கும் மனுவை அனுப்பி விசாரிக்கச் சொல்ல முறையே கமிஷனருக்கும் எஸ்.பி.க்கும் அதிகாரம் உண்டு. புரோநோட், செக், வங்கிக் கணக்கு எல்லாவற்றுக்கும் நகல் மட்டும் இணையுங்கள். அசலைக் கேட்டால் காட்டுங்கள், ரசீது இல்லாமல் விட்டுவிட்டு வராதீர்கள்.