வாசகர் கேள்வி – பதில்: முதுகுப் பக்கத்துக்கும் பெயிண்ட் அடியுங்கள்

நண்பர்கள் நாலு பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் மினியேச்சர் வார்கேம் ஆடுகிறோம், அதாவது குட்டிப் பொம்மைச் சிப்பாய்களை மேசையில் நிறுத்தி ஆடும் போர் விளையாட்டு. குன்று, இடிந்த சுவர், தோப்பு எல்லாம் நானே செய்கிறேன். அட்டையில் ஒட்டினால் வளைகிறது. 3 மி.மீ. எம்.டி.எஃப். (மரநாரைப் பிசினோடு அழுத்திச் செய்த பலகை) வாங்கினேன், அதுவும் ஜூலையில் நாலு ஓரமும் தூக்கிக்கொண்டது. இவற்றை ஒட்டி நிறுத்தும் அடித்தட்டுக்கு எதைத்தான் வாங்குவது?
– வாசகர், செம்பூர், மும்பை

எதை வாங்கலாம் என்பதைச் சொல்கிறேன், அதற்கு முன்னால் அந்த எம்.டி.எஃப்.பைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் வெறும் பழுப்பு நிறத்தில் அப்படியே இருக்கிறதா? அப்படியானால் வளைந்ததற்குக் காரணம் பாதி அங்கேதான் இருக்கிறது.

மேல்பக்கம் ஃபெவிகாலைத் தண்ணீர் விட்டுக் கலக்கித் தடவி, மணல் தூவி, அதன் மேல் இன்னொரு கை ஃபெவிகால் விடுகிறோம். அந்த ஈரத்தைப் பலகையின் மேல்தோல் மட்டும் குடித்து உப்புகிறது. பிறகு காயும்போது பசை சுருங்கி, தான் ஒட்டியிருக்கிற பக்கத்தை உள்ளே இழுக்கிறது. எதிர்ப்பக்கத்தில் இழுக்க ஒன்றும் இல்லாததால் ஓரம் மேலே எழும்புகிறது. உங்கள் வீட்டு அலமாரிக் கதவைத் திறந்து உள்பக்கம் பாருங்கள், வெளியே நல்ல சன்மைக்கா ஒட்டிய தச்சர் உள்ளேயும் மெல்லிசாக ஒன்று ஒட்டியிருப்பார். அழகுக்காக மட்டும் இல்லை, ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் கதவு வளைந்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். நம் கையகலக் குன்றுக்கும் அதே கணக்குதான். மேலே எத்தனை கை ஃபெவிகால் போடுகிறீர்களோ, அன்றைக்கே பின்னாலும் அத்தனை கை போடுங்கள், காய்ந்ததும் இரண்டு பக்கமும் பெயிண்ட் அடியுங்கள். எம்.டி.எஃப்.பில் தண்ணீர் வேகமாக ஏறுவது வெட்டிய ஓரத்தில், அதனால் ஓரத்துக்கு மட்டும் இரண்டு கை ஆயில் பிரைமர் கொடுத்துவிடுங்கள். நான் மாட்டுங்காவில் முன்பு இருந்த வீட்டில் இதைத் தெரிந்துகொள்ளாமல் 8 துண்டு சேர்ந்த ஒரு கிராமத்தைச் செய்து பரணில் வைத்தேன், மழைக்காலம் முடிந்து எடுத்தபோது ஒரு வீடு கூட மேசையில் ஆடாமல் உட்காரவில்லை. இரண்டு மாத வேலை, இன்றைக்கு நினைத்தாலும் மனசு கஷ்டப்படுகிறது.

சரி, மும்பைக்கு என் முதல் சிபாரிசு சன்போர்டு, அதாவது கடைப் பெயர்ப்பலகை செய்கிறவர்கள் வைத்திருக்கும் வெள்ளை பிவிசி ஃபோம் ஷீட். சான்டாக்ரூஸ் வானிலை நிலையக் கணக்கில் ஜூலை மாத மழை மட்டும் சராசரியாக 800 மி.மீ.யைத் தாண்டுகிற ஊர் இது, தண்ணீரே குடிக்காத பலகையை விட்டுவிட்டு வேறு எதைத் தேடுவது! ஒரு சாண் அளவு வரைக்கும் 3 மி.மீ. போதும், அதைவிடப் பெரிதென்றால் 5 மி.மீ. எடுங்கள். பெயர்ப்பலகைக் கடையில் வெட்டி மிஞ்சிய துண்டுகளைக் கேட்டுப் பாருங்கள், நமக்கு அதுவே தாராளம். காகிதத் தோல் ஒட்டிய ஃபோம் போர்டையும் இதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள், அது அட்டையைவிட மோசமாக வளையும்.

சன்போர்டுக்கும் பலவீனங்கள் உண்டு. அதன் மேல்பரப்பு வழுவழுப்பு, ஃபெவிகால் காய்ந்ததும் தோலாக உரிந்து வந்துவிடும். 80 நம்பர் உப்புத்தாளால் குறுக்கும் நெடுக்குமாக நன்றாகச் சுரண்டிவிட்டு, பிறகு பசை தடவுங்கள். குன்று ஃபோமில் செய்வதென்றால் இன்னொரு சிக்கல் வரும்: ஃபோமும் தண்ணீரை விடாது, சன்போர்டும் விடாது, நடுவில் மாட்டிய ஃபெவிகால் நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். அங்கே இரண்டு டியூபைக் கலக்கும் எபாக்ஸியைப் பயன்படுத்துங்கள், கூடவே நாலு பல்குச்சியை ஆணி மாதிரி இறக்குங்கள். வெட்டுவதற்குக் கட்டர் போதும், ஒரே இழுப்பில் வெட்டப் பார்க்காமல் அதே கோட்டில் ஐந்தாறு தடவை இழுங்கள். ஃபோம் வெட்டுகிற சூடான கம்பியை மட்டும் இதன் பக்கம் கொண்டு போகாதீர்கள், பிவிசி கருகினால் நுரையீரலை அரிக்கும் அமிலப் புகை வரும். மே மாத வெயிலில் பூட்டிய காருக்குள் வைத்தாலும் இளகி வளையும்.

எந்தப் பலகையானாலும் ஓரத்தைச் சரிவாகச் சீவிவிடுங்கள். செங்குத்தாக விட்டால் 25 மி.மீ. வட்டத்தில் நிற்கும் சிப்பாய் பாதி உள்ளே பாதி வெளியே என்று சாய்ந்து விழுவான், அதைவிடப் பெரிய குறை, நிலம் நிலமாகத் தெரியாமல் தட்டில் வைத்த பண்டம் மாதிரி தெரியும்.

ஏற்கெனவே வளைந்ததைத் தூக்கிப் போடாதீர்கள். பின்பக்கம் லேசாகத் தண்ணீர் தெளித்து, தட்டையான இடத்தில் வைத்து ஓரங்களில் கனம் ஏற்றி இரண்டு நாள் விடுங்கள். நிமிர்ந்து வந்தால் உடனே பின்பக்கத்துக்குப் பெயிண்ட். மெல்லிய எம்.டி.எஃப். பல சமயம் நிமிரும், அட்டை அநேகமாக நிமிராது. அப்புறம், எம்.டி.எஃப். அறுக்கும்போது மாஸ்க் போடுங்கள், பால்கனியில் வைத்து அறுங்கள், அந்தத் தூளில் மரநார் மட்டுமில்லை, ஃபார்மால்டிஹைடு கலந்த பிசினும் இருக்கிறது.

முழு மேசைக்கும் நிலம் செய்ய ஆசை. ஆனால் விளையாடுவது தாதரில், லோக்கல் ரயிலில்தான் கொண்டு போக வேண்டும்.
– வாசகி, டோம்பிவிலி

2 அடிக்கு 2 அடி சதுரமாக 6 துண்டு செய்யுங்கள், சேர்த்தால் 6-க்கு 4 அடி. வார்ஹாமர் 40,000 என்ற வார்கேமின் வழக்கமான ஆட்டத்துக்கு இப்போது கேட்பது 60-க்கு 44 அங்குலம்தான், பகடை உருட்டவும் செத்த வீரர்களை வைக்கவும் ஓரத்தில் இடம் மிஞ்சும். இந்த அளவுக்குச் சன்போர்டு தொய்யும், 6 மி.மீ. பிளைவுட்டை எடுத்து அடியில் சுற்றிலும் ரீப்பர் கட்டை அடியுங்கள். கனம் கூடும்தான், அதனால் இரண்டிரண்டாக, நிலப்பக்கம் உள்ளே வரும்படி எதிரெதிரே வைத்து, நாலு மூலையிலும் உயரமான கட்டை கொடுத்துக் கட்டுங்கள். இரண்டைக் கையில் பிடிக்கலாம், ஆறையும் ஒரே நாளில் கொண்டு போகும் யோசனை வேண்டாம். காலை நெரிசலில் நிச்சயமாக வேண்டாம்.

ஃபிரிட்ஜ் பெட்டியில் வந்த தெர்மாகோல் நிறையக் கிடக்கிறது. அடித்தட்டாகப் போடலாமா?
– வாசகர், சயான்

அடித்தட்டாக வேண்டாம், ஓரம் ஒடிந்து மணிமணியாக உதிரும். குன்றாகப் போடுங்கள், தாராளமாக. 2018-ல் மகாராஷ்டிர அரசு தெர்மாகோல் அலங்காரங்களுக்குத் தடை போட்டபோது கணபதி மண்டபங்களிலேயே அதைப் பயன்படுத்தக் கூடாது என்றாகிவிட்டது, புதிதாக வாங்குவதைவிடக் குப்பைக்குப் போக வேண்டியது உங்கள் மேசையில் மலையாக நிற்பது நல்ல காரியம். ஸ்பிரே பெயிண்டையும் ஃபெவிகுவிக்கையும் கிட்டே கொண்டு வராதீர்கள், இரண்டுமே தெர்மாகோலைத் தின்றுவிடும். முதலில் ஃபெவிகாலோடு கொஞ்சம் வால் புட்டி கலந்து ஒரு இடம் விடாமல் பூசுங்கள், காய்ந்த பிறகு சுவருக்கு அடிக்கும் எமல்ஷனைப் பிரஷ்ஷால் அடியுங்கள். வெட்டும்போது மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்காருங்கள், உதிர்ந்த மணிகளை ஈரத்துணியால் ஒற்றி எடுக்கலாம்.