ஏ லெவல் ஆங்கில இலக்கியம்: கேள்வி பதில்

இங்கிலாந்தில், பல்கலைக்கழகத்துக்கு முந்திய ஏ லெவல் பரீட்சைக்குப் படிக்கும் 12, 13ஆம் ஆண்டு மாணவர்களுக்கு இலக்கியம் கற்பிக்கிறேன். பிள்ளைகளும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளும் என் பதில்களும் இங்கே.

கேள்வி: மகள் இந்தப் பாடத்தை எடுக்கப் போகிறாள். எவ்வளவு படிக்க வேண்டும்?

குறைந்தது எட்டு நூல்கள். அவற்றில் மூன்று 1900க்கு முந்தியவை. அந்த மூன்றில் ஒன்றாவது ஷேக்ஸ்பியர். 2000க்குப் பின் வந்த ஒரு நூலும் உண்டு. புள்ளிகளில் 80 விழுக்காடு எழுத்துப் பரீட்சைக்கு, 20 விழுக்காடு பள்ளியில் எழுதும் கட்டுரைக்கு. பள்ளி எந்தப் பரீட்சைச் சபையைப் பின்பற்றுகிறது என்று முதலில் கேளுங்கள். நூல்களும் வினாத்தாளும் சபைக்குச் சபை மாறும்.

கேள்வி: எந்த வழிகாட்டிப் புத்தகம் நல்லது?

நூலை இரண்டு முறை படித்து முடித்துவிட்டுக் கேளுங்கள். வழிகாட்டியை முதலில் படித்தவர்களுக்குச் சொந்தமாகச் சொல்ல ஒன்றும் மிஞ்சுவதில்லை.

கேள்வி: ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோ நாடகம் படிக்கிறோம். சாகுமுன் ஒதெல்லோ பேசும் பேச்சில் என் பிரதி 'இந்தியன்' என்கிறது, தோழியின் பிரதி 'யூதேயன்' என்கிறது. அச்சுப்பிழையா?

இந்த ஆண்டு எனக்கு வந்த கேள்விகளில் மிகச் சிறந்தது இதுதான், தங்கச்சி. ஷேக்ஸ்பியர் 1616இல் இறந்தார். ஒதெல்லோ தனி நூலாக 1622இலும், நாடகத் தொகுப்பின் பகுதியாக 1623இலும் அச்சானது. தன் குலத்தையே விட விலைமதிப்புள்ள முத்தை எறிந்துவிட்டவன் என்று, மனைவி டெஸ்டிமோனாவைக் கொன்ற ஒதெல்லோ தன்னைச் சொல்லும் இடத்தில், முன்னதில் 'இந்தியன்', பின்னதில் 'யூதேயன்'. அக்கால அச்சில் இரு சொற்களுக்கும் (Indian, Iudean) முதலெழுத்து ஒன்றே. 'n' எழுத்தைத் தலைகீழாகக் கோத்தால் 'u' ஆகிவிடும். ஆகவே இரண்டுக்கும் இடையே மயிரிழைதான். ஆனால் பொருள் வெகுதூரம் போய்விடுகிறது. 'இந்தியன்' என்றால், முத்தின் மதிப்பை அறியாமல் எறிந்தவன். 'யூதேயன்' என்றால், மனைவியைக் கொன்ற ஏரோது மன்னனையோ, யேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசையோ நினைக்க இடமுண்டு; அப்போது அது தெரிந்தே செய்த துரோகம். ஒதெல்லோ தன் குற்றத்தை அறியாமை என்கிறானா, துரோகம் என்கிறானா? இதை வைத்தே ஒரு முழுக் கட்டுரை எழுதலாம்.

கேள்வி: சேர், 'இந்தியன்' நம்மவர்தானே? மன்னார் முத்துக்குளிப்பு அப்போதே பேர்பெற்றது. அப்படி எழுதலாமா?

முத்துக்குளிப்பு உண்மை, போர்த்துக்கேயர் அந்தக் கடலோரத்தைப் பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் அன்றைய ஆங்கிலத்தில் அமெரிக்கப் பழங்குடிகளுக்கும் அதே பெயர். மன்னார்தான் என்று காட்ட நாடகத்தில் ஒரு சொல்லும் இல்லை.

கேள்வி: எதிராகவும் ஒரு சொல் இல்லையே! நாங்கள் எங்கள் கண்ணால் வாசிக்கக் கூடாதா?

வாசிக்க வேண்டும்! விடையை ஐந்து நோக்கங்களால் அளக்கிறார்கள். ஐந்தாவது, ஒரே நூலின் வேறுபட்ட வாசிப்புகளை ஆராய்வது. 'இது மன்னார் முத்து' என்று எழுதினால் ஆதாரம் கேட்பேன். 'முத்துக்குளிக்கும் கரையிலிருந்து வந்த வாசகிக்கு, மதிப்பறியாத இந்தியன் என்ற உவமை ஏன் உறுத்துகிறது' என்று எழுதினால் மகிழ்ந்து படிப்பேன். முதலாவது வரலாற்றைப் பற்றிய கூற்று, இரண்டாவது வாசிப்பைப் பற்றியது.

கேள்வி: படத்தைப் பார்த்தால் போதுமா?

போதாது.

கேள்வி: மேற்கோள்கள் எத்தனை மனனம் செய்ய வேண்டும்?

எண்ணிக்கை கிடையாது. எந்தத் தாளுக்கு நூலைக் கொண்டுபோகலாம் என்று முதலில் பாருங்கள். கொண்டுபோக முடியாத தாளுக்கு, இரண்டு மூன்று சொற்கள் கொண்ட துண்டுகளாக மனனம் செய்யுங்கள். அந்தச் சொல் ஏன் அங்கே இருக்கிறது என்று சொல்லத் தெரியாவிட்டால் மேற்கோளால் பயனில்லை.

கேள்வி: நல்ல வழிகாட்டி நூல் ஒன்று சொல்லுங்கள்.

மேலே சொல்லிவிட்டேன். முதலில் நூலைப் படியுங்கள்.

கேள்வி: மகனுக்கு ஜிசிஎஸ்இ (16 வயதில் எழுதும் பரீட்சை) ஆங்கிலம் கடினமாக இருக்கிறது.

அவனுடைய வகுப்பாசிரியரைப் பாருங்கள். அது வேறு பாடத்திட்டம்.

கேள்வி: சேர், மன்னார் முத்துக்காரிதான் மறுபடியும். அந்த இரண்டு பதிப்புகளில் வேறு வித்தியாசங்களும் உண்டா?

நிறைய உண்டு. நான்காம் அங்கத்தின் மூன்றாம் காட்சியை எடு. சாவதற்கு முன் டெஸ்டிமோனா பாடும் வில்லோ மரப் பாட்டு 1622 பதிப்பில் இல்லை. பாட்டை விட்டுவிட்டு அந்தக் காட்சியை ஒருமுறை படி, பிறகு பாட்டோடு படி. அவளுடைய பணிப்பெண் எமிலியா உன் காதில் எப்படி மாறி ஒலிக்கிறாள் என்று எனக்கு எழுது.