மூடிய வகை ஸ்டுடியோ ஹெட்போன்களில் ஒலியும் சௌகரியமும்: எதைத் தேர்ந்தெடுப்பது?

காதை மூடும் கிண்ணங்களின் பின்புறம் அடைபட்டிருக்கும் மூடிய வகை ஸ்டுடியோ ஹெட்போன்களில் எதன் ஒலி சிறந்தது, எதை நெடுநேரம் அணிந்திருக்க முடியும் என்று இரண்டு கேள்விகளாகக் கேட்டிருக்கிறீர்கள். ஒலிநூல்களுக்காகக் குரல் பதிவு செய்து நானே தொகுத்து வருகிறேன், மூக்குக்கண்ணாடியும் அணிபவன். என் அனுபவத்தில் இவ்விரு கேள்விகளுக்கும் விடை ஒரே இடத்தில், அதாவது காதைச் சூழ்ந்திருக்கும் மெத்தையில்தான் இருக்கிறது.

மூடிய கிண்ணத்துக்குள் காற்று அடைபட்டிருப்பதால்தான் தாழ்ந்த அதிர்வெண்கள் வலுக்குன்றாமல் காதை எட்டுகின்றன. மெத்தைக்கும் தோலுக்கும் நடுவே சிறு இடைவெளி விழுந்தாலும், ஏறத்தாழ 200 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள பேஸ் அவ்வழியே கசிந்து மெலிந்துவிடும். கண்ணாடியின் காம்பு, அடர்ந்த முடி, காதுக்குக் கீழே தாடையருகில் உள்ள குழிவு ஆகிய எதுவும் இந்த இடைவெளியை உண்டாக்கலாம். ஒரே ஹெட்போனைப் பற்றி ஒருவர் பேஸ் மிகுதி என்றும் மற்றொருவர் பேஸே இல்லை என்றும் சொல்லும்போது, இருவருமே தாம் கேட்டதைத்தான் சொல்கிறார்கள். பழகிய பாடல் ஒன்றை ஒலிக்கவிட்டு, இரு கிண்ணங்களையும் உள்ளங்கையால் மெல்ல அழுத்திப் பாருங்கள்; பேஸ் திடீரென்று பெருகினால் அந்த மெத்தை உங்கள் தலையில் சரியாகப் படியவில்லை என்று பொருள்.

சோனியின் எம்டிஆர்-7506 மாதிரி 1991 முதல் விற்பனையில் உள்ளது. அதன் உயர் அதிர்வெண்கள் சற்றுத் தூக்கலாக இருப்பதால், வாயொலிகளும் ச, ஸ, ஷ போன்ற உரசல் ஒலிகளின் கூர்மையும் ஒளிந்துகொள்ள இடமின்றி வெளிப்பட்டுவிடுகின்றன. குரலைத் தொகுப்பவருக்கு இது பெரும் வசதி, பாட்டை ரசிக்க அமர்பவருக்குச் சற்றுச் சோர்வு. எடை 230 கிராம்தான். ஆனால் மெத்தை மெல்லியது. காதுமடல் உட்புறத்தைத் தொடும். அரைமணி நேரப் பதிவில் இது தெரியாது, மூன்று மணி நேரத் தொகுப்பில் நன்றாகவே தெரியும்.

சௌகரியத்தில் என் முதல் வாக்கு பேயர்டைனமிக்கின் டிடி 770 ப்ரோவுக்கு. அதன் வெலூர் (வெல்வெட் போன்ற) துணி மெத்தை ஆழமானது, வியர்வையைத் தேக்காதது, கண்ணாடிக் காம்பைச் சுற்றி ஓரளவு வளைந்துகொடுப்பது. செயற்கைத் தோல் மெத்தைகள் பொதுவாக நன்றாக அடைத்துக்கொண்டாலும், சூட்டைத் தேக்குவதோடு நாளடைவில் உரிந்து துகள்களாக உதிரவும் செய்யும். டிடி 770-இன் ஒலியில் பேஸும் ட்ரெபிளும் (உயர் அதிர்வெண்கள்) எழுந்து நிற்க, இடைப்பட்ட அதிர்வெண்கள் சற்றுப் பின்வாங்கியிருக்கும். 8 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய மேடு சிலருடைய காதைக் குத்தும். அதை நம்பி குரலின் ட்ரெபிளைக் குறைத்துவிட்டால், பிற கருவிகளில் அந்தக் குரல் மங்கலாகக் கேட்கும். நானும் தொடக்கத்தில் அப்படிக் குறைத்தவன்தான். இது 32, 80, 250 ஓம் என மூன்று மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) வகைகளில் வருகிறது. கைப்பேசியிலோ மடிக்கணினியிலோ நேரடியாகச் செருகிக் கேட்பவர்கள் 250 ஓமைத் தவிர்ப்பது நல்லது, ஒலியளவு போதாமல் போகலாம்.

ஆடியோ-டெக்னிகாவின் ஏடிஎச்-எம்50எக்ஸ் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன்: கம்பியைக் கழற்றி மாற்றலாம் என்பது உண்மையான நன்மை, பேஸ் உற்சாகமானது, பிடிமானம் எனக்குச் சற்று இறுக்கம்.

ஒலியின் சமநிலை மட்டுமே அளவுகோல் என்றால் ஏகேஜி கே371-ஐத் தேர்ந்தெடுப்பேன். கேட்போரின் விருப்பங்களை ஆய்ந்து ஹார்மன் நிறுவனம் வகுத்த இலக்கு வளைவை (எந்த அதிர்வெண் எவ்வளவு உரக்க ஒலிக்க வேண்டும் என்ற வரைகோட்டை) ஒட்டி அது அமைக்கப்பட்டிருப்பதால், குரல் இயல்பான இடத்தில் நிற்கிறது. ஆனால் மேலே சொன்ன கசிவு இதில்தான் மிகவும் உறுத்துகிறது: கண்ணாடியைக் கழற்றினால் ஆழமான பேஸ், அணிந்தால் பாதி காணாமல் போகிறது. வேறு இரண்டு ஹெட்போன்களைக் கேட்பது போலவே இருக்கும்.

தேய்ந்த மெத்தைக்குப் பதிலாக வேறு வகை மெத்தையைப் பொருத்த எண்ணுபவர்கள், தடிமனோ துணியோ மாறினால் ஒலியும் மாறிவிடும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். என் கண்ணாடிச் சிக்கலுக்கு நான் மெத்தையை மாற்றவில்லை. மெல்லிய, தட்டையான காம்புகள் கொண்ட மலிவான கண்ணாடி ஒன்றைப் பதிவு அறைக்கென்றே வாங்கி வைத்துக்கொண்டேன். உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தால் இப்போது பேஸ் அவ்வளவாக மாறுவதில்லை.