வாங்கி வைக்கத் தகுந்த பழைய வெளிநாட்டுப் படங்கள் எவை?

பழைய உலகப் படங்களில் எதைப் பார்க்கலாம், எதைக் காசு கொடுத்து டிஸ்க்காக வாங்கி வைக்கலாம் என்று இரண்டையும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் ஒன்றல்ல என்பதை ஒரு ஹார்டு டிஸ்க்கைப் பறிகொடுத்துத்தான் நான் தெரிந்துகொண்டேன். ஒரு டெராபைட், இருநூற்றுச் சொச்சம் படங்கள், நாடுவாரியாக ஃபோல்டர் போட்டு வைத்திருந்தேன். ஒரு நாள் செருகினால் டிக் டிக் என்று சத்தம் மட்டும் வந்தது. சரி, என்னென்ன போயிற்று என்று நினைவிலிருந்து எழுதிப் பார்த்தால் நாற்பதைத் தாண்டவில்லை. மிச்சமெல்லாம் பார்க்காமலே சேர்த்தவை. அன்றிலிருந்து, இரண்டாம் முறை பார்க்கத் தோன்றும் படத்தை மட்டும்தான் வாங்குகிறேன்.

அப்படி முதலில் வாங்கியது ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் 'இகிரு' (1952). குரோசாவா என்றாலே எல்லோரும் 'செவன் சாமுராய்' (1954) என்பார்கள். அதுவும் அருமையான படம்தான், மூன்றரை மணி நேரம் போவதே தெரியாது. ஆனால் எங்கள் வீட்டுக்குப் பொருந்திய படம் இகிருதான். அப்பா நகராட்சி அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். சப்டைட்டில் ஓடுகிற வேகத்துக்கு அவரால் படிக்க முடியாது என்பதால், பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

படம் ஒரு வயிற்று எக்ஸ்ரேயில் தொடங்குகிறது. வாதனாபே என்ற மாநகராட்சி அதிகாரிக்குப் புற்றுநோய். அவருக்கே இன்னும் தெரியாது. சாக்கடைத் தண்ணீர் தேங்கிக் கிடக்கும் இடத்தைத் தூர்த்துக் குழந்தைகள் விளையாட இடம் செய்து தரச் சொல்லிப் பெண்கள் சிலர் மனுவோடு வருகிறார்கள். அந்தப் பிரிவுக்குப் போ, இந்தப் பிரிவுக்குப் போ என்று ஜன்னல் ஜன்னலாக அலையவிட்டு, கடைசியில் புறப்பட்ட ஜன்னலுக்கே கொண்டுவந்து விடுகிறார்கள். அப்பா சத்தமாகச் சிரித்துவிட்டார். "ஜப்பான்லயும் இதே கதைதானா?"

சாகப்போகிறோம் என்று தெரிந்த பிறகு, அலுவலக வேலையை விட்டுப் பொம்மைத் தொழிற்சாலைக்குப் போன ஓர் இளம்பெண்ணிடம் வாதனாபே கேட்கிறார்: உன்னால் மட்டும் எப்படி இவ்வளவு கலகலப்பாக இருக்க முடிகிறது? அவளுக்குப் பதில் தெரியவில்லை. தான் செய்த பொம்மை முயலை எடுத்து மேஜைமேல் ஓடவிடுகிறாள். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தவர், ஏதோ பிடிபட்டதுபோல அந்த முயலைக் கையில் எடுத்துக்கொண்டு அவசரமாகப் படியிறங்குகிறார். அதே நேரம் எதிரில் ஓர் இளைஞர் கூட்டம், மேலே ஏறி வரும் தங்கள் தோழிக்குப் பிறந்தநாள் வாழ்த்துப் பாடுகிறது. இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் அந்தப் பாட்டு இவருக்காக வைத்தது என்று எனக்கு உறைத்தது.

அப்புறம் சட்டென்று அவருடைய இழவு வீட்டுக்குப் படம் தாவிவிடுகிறது. கதாநாயகன் போன பிறகும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் மீதி இருக்கிறது! உடன் வேலை பார்த்தவர்கள் குடித்துக்கொண்டே, அந்தப் பெண்கள் கேட்ட பூங்கா யாரால் வந்தது என்று வாதாடுகிறார்கள். அந்த இடத்தில் அப்பா என் கையைத் தட்டி, "போதும், சொல்லாத. எனக்குப் புரியுது" என்றார். அதற்குப் பிறகு நான் வாய் திறக்கவில்லை.

அடுத்தது விட்டோரியோ டி சிகாவின் 'பைசைக்கிள் தீவ்ஸ்' (1948). நாயகனாக நடித்தவர் நடிகரே அல்ல, தொழிற்சாலைத் தொழிலாளி. சத்யஜித் ராய் 1950இல் லண்டனில் பார்த்து ஆடிப்போன படம் இதுதான். சைக்கிள் திருடுபோவது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதற்கு முன்னால் வரும் அடகுக்கடையைக் கவனியுங்கள். அடகில் இருக்கும் சைக்கிளை மீட்பதற்காக மனைவி கட்டில் விரிப்புகளைக் கொண்டுபோய் வைக்கிறாள். கடை ஆள் அந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு அலமாரியில் ஏறுகிறான், ஏறுகிறான், ஏறிக்கொண்டே இருக்கிறான். மேலே வரைக்கும் மற்றவர்கள் வைத்த மூட்டைகள். போருக்குப் பிந்தைய ரோம் எப்படி இருந்தது என்பதற்கு அந்த ஒரு ஷாட் போதும்.

யாசுஜிரோ ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி' (1953) பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: முதல் முறை தூங்கிவிட்டேன். தரையில் பாய்மேல் உட்கார்ந்தவர் பார்ப்பதுபோல கேமரா தாழ்வாக வைக்கப்பட்டு, பெரும்பாலும் அசையாமலே இருக்கும். பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வரும் வயதான அப்பா அம்மாவுக்கு யாராலும் நேரம் ஒதுக்க முடியவில்லை. போரில் இறந்த மகனின் மனைவி மட்டும் லீவு போட்டு ஊரைச் சுற்றிக் காட்டுகிறாள். என் பெற்றோர் முதன்முதலாக நான் இருக்கும் ஊருக்கு வந்து திரும்பிய பிறகு மறுபடி பார்த்தேன். தூக்கம் வரவில்லை.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் மஜித் மஜிதியின் ஈரானியப் படம் 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' (1997). ஒரே ஜோடி ஷூவை அண்ணனும் தங்கையும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கு ஓடுவதுதான் கதை. தமிழில் 'அக்கா குருவி'யாக வந்தது இதுதான், ஆனால் மூலத்தை முதலில் பாருங்கள்.

மௌனப் படத்தில் ஒன்று மட்டும் என்றால் கார்ல் டிரேயரின் 'தி பேஷன் ஆஃப் ஜோன் ஆஃப் ஆர்க்' (1928). இதன் மூல நெகட்டிவ் தீயில் போய்விட்டது. ஒதுக்கிய ஷாட்களை வைத்து டிரேயர் மறுபடி ஒன்றைத் தொகுத்தார், அதுவும் எரிந்தது. முதல் வடிவம் இனி இல்லை என்றே நினைத்திருந்தார்கள். டிரேயர் 1968இல் காலமானார். 1981இல் நார்வேயில் ஆஸ்லோ பக்கம் ஒரு மனநல மருத்துவமனை அலமாரியில் பழைய பெட்டிகள் கிடைத்தன. திறந்தால் இந்தப் படம், முழுசாக! அதனால் பழைய படம் வாங்கும்போது எந்தப் பிரதியிலிருந்து எடுத்தது, மீட்டெடுத்த பதிப்புதானா என்று அட்டையில் பாருங்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால் மங்கலாக, பாதி வெட்டுப்பட்டு இருக்கும்.

இன்னொன்று, 1950களின் தொடக்கம் வரை வந்த படங்கள் ஏறக்குறைய சதுரமாகத்தான் இருக்கும். டிவியின் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். இழுத்து நிரப்பினால் எல்லோரும் குண்டாகிவிடுவார்கள்.

கடைசியாக மண்டலக் குறியீடு, அதாவது டிஸ்க் எந்தப் பகுதியின் பிளேயரில் ஓடும் என்பதைச் சொல்லும் குறி. ப்ளூரேவில் அமெரிக்காவுக்கு ஏ, நமக்கு சி. டிவிடியில் அவர்களுக்கு 1, நமக்கு 5. 4கே டிஸ்க்குக்கு மட்டும் இந்தத் தொல்லை இல்லை. இது தெரியாமல் அமெரிக்காவில் இருக்கும் அத்தை பையனிடம் சொல்லி டோக்கியோ ஸ்டோரி ப்ளூரே வாங்கிவரச் செய்தேன். அவன் பெட்டியில் துணிக்கு நடுவே வைத்துப் பத்திரமாகக் கொண்டுவந்தான். என் பிளேயர் அதைத் தொடவே மாட்டேன் என்கிறது. இப்போதைக்கு அட்டைப் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.