இலங்கை மின்சார சபையைப் பல கம்பனிகளாகப் பிரித்த பிறகு நாடு முழுக்க கரண்ட் போனால், நட்டத்தை யார் கட்ட வேண்டும்?

உங்களுக்கு பில் அனுப்புகிறவர்தான் முதலில் கட்ட வேண்டும். பிழை உற்பத்தியிலா, கடத்தல் கம்பியிலா, கட்டுப்பாட்டு அறையிலா என்பதை அவர்கள் தங்களுக்குள் பிறகு தீர்த்துக்கொள்ளட்டும். பாவனையாளர் அதைத் தேடி அலையத் தேவையில்லை. இந்தக் கேள்வியில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தை உதாரணம் காட்டுவதுண்டு. நல்ல உதாரணம்தான், ஆனால் அங்கே நடந்தது இதற்கு நேர்மாறு.

2021 பெப்ரவரி 15 அதிகாலையில் டெக்சஸில் எரிவாயுக் கிணறுகளும் மின்நிலையங்களின் கருவிகளும் குளிரில் உறைந்தன. மின்சாரம் செக்கனுக்கு எத்தனை முறை திசை மாறிச் சுழல்கிறது என்பதே அலைவெண், உற்பத்தி போதாவிட்டால் அது இறங்கும். வழக்கமாக 60 ஹேர்ட்ஸில் இருக்கும் அது 59.4-க்குக் கீழே இறங்கி 4 நிமிடம் 23 செக்கன் அங்கேயே கிடந்தது. 9 நிமிடம் கிடந்திருந்தால் மின்பிறப்பாக்கிகள் தம்மைக் காப்பாற்றிக்கொள்ள வரிசையாகக் கழன்றிருக்கும், முழுக் கட்டமைப்பும் விழுந்திருக்கும். அதைத் தடுக்க 20,000 மெகாவாட் சுமையை, அதாவது அவ்வளவு மின்சாரம் எடுக்கும் பாவனையாளர் இணைப்புகளை, வெட்டினார்கள். வெட்டிய இணைப்புகளில் எரிவாயுவை அழுத்தி அனுப்பும் நிலையங்களும் அகப்பட்டன. தங்களை வெட்டக் கூடாது என்று முன்கூட்டியே பதிவதற்கு ஒரு படிவம் இருந்தது, பலர் அதை நிரப்பிக் கொடுக்கவே இல்லை. அதனால் கரண்ட் இல்லாமல் வாயு நின்றது, வாயு இல்லாமல் இன்னும் சில மின்நிலையங்கள் நின்றன. மாநில அரசின் கணக்கில் மட்டும் 246 பேர் இறந்தார்கள்.

இனி விலையைப் பாருங்கள். மின்நிலையங்கள் மின்சாரத்தை விற்கும் மொத்த விற்பனைச் சந்தையில் விலையின் உச்சவரம்பு ஒரு மெகாவாட் மணிக்கு 9,000 டொலர், அதாவது யூனிட் 9 டொலர். வெள்ளவத்தையில் மாதம் 90 யூனிட் எரிக்கும் சின்ன ஃபிளாட்டுக்கு அந்த விலையில் பில் 810 டொலர் வரும். டெக்சஸின் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவே விலையை அந்த உச்சத்தில் வைக்கச் சொன்னது. மின்வெட்டு முடிந்த பிறகும் ஒரு நாளுக்கு மேல் அது இறங்கவில்லை. அந்த மேலதிக மணித்தியாலங்களுக்கு மட்டும் 16 பில்லியன் டொலர் கூடுதலாகப் போடப்பட்டதாகச் சந்தையின் சுயாதீனக் கண்காணிப்பாளர் முதலில் மதிப்பிட்டார். விலை ஏறுவதே சும்மா கிடக்கும் நிலையங்களை ஓட வைக்கத்தான். உறைந்து கிடக்கும் நிலையம் 9 டொலருக்கும் ஓடாது, 90 டொலருக்கும் ஓடாது. வீடுகளை வெட்டத் தொடங்கிய பிறகு வருகிற விலை, தற்செயலாக ஓடிக்கொண்டிருந்தவருக்கு விழுந்த லொத்தர். பின்னர் அந்த உச்சவரம்பை 5,000 டொலருக்குக் குறைத்தார்கள்.

யார் கட்டினார்கள்? பிராசோஸ் என்ற மின்சாரக் கூட்டுறவுச் சங்கம் அடுத்த மார்ச் 1ஆம் திகதியே வங்குரோத்து மனுப் போட்டது. கட்டமைப்பை இயக்கும் எர்கொட் மீது வழக்குப் போட முடியாது, அதற்கு அரசுக்குரிய விலக்கு உண்டு என்று 2023இல் மாநில உச்ச நீதிமன்றம் 5-4 என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு டிசெம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று மின்னுற்பத்திக் கம்பனிகளையும் விட்டுவிட்டது. சந்தையைப் பிரித்த சட்டமே அவர்களுக்கும் வீட்டுப் பாவனையாளருக்கும் நேரடித் தொடர்பு இருக்கக் கூடாது என்கிறது, ஆகவே பாவனையாளர் மீது அவர்களுக்குக் கடமை இல்லை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். கடைசியில் கடனில் பெரும் பகுதி பிணைமுறிகளாக மாற்றப்பட்டு, பல வருடங்களுக்கு மக்களின் பில்லில் ஏறியது. குளிரில் கிடந்தவர்களே தவணை கட்டுகிறார்கள்.

இலங்கையில் கவனிக்க வேண்டியது அந்த டிசெம்பர்த் தீர்ப்பைத்தான். 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டமும் 2025ஆம் ஆண்டின் திருத்தமும் சபையின் வேலையை உற்பத்தி, கடத்தல், விநியோகம், முறைமை இயக்கம் (முழுக் கட்டமைப்பையும் கட்டுப்பாட்டு அறையிலிருந்து நடத்துவது) என்று பிரிக்கின்றன. திருத்தத்தின்படி கம்பனிகள் அரசுக்கே சொந்தம், ஆகவே டெக்சஸ் மாதிரிச் சந்தை இங்கே இல்லை. ஆனால் ஒரு வீட்டுக்காரருக்கும் ஒரு மின்நிலையத்துக்கும் நடுவில் மூன்று நிறுவனங்கள் வந்துவிட்டால், "எங்கள் பிழை இல்லை" என்று சொல்ல மூன்று வாய்கள் இருக்கும்.

2025 பெப்ரவரி 9ஐ எடுங்கள். ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் 11 மணி தாண்டிய நேரம். மின்சாரத் தேவை குறைவு, கூரைச் சூரியப் பலகைகள் உச்சத்தில். சூரிய மின்சாரம் கூடும்போது சுழலும் கனமான இயந்திரங்கள் குறைவாக ஓடும், அதனால் ஒரு சின்ன அதிர்வுக்கே அலைவெண் வேகமாகச் சரியும். பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பாய்ந்தது என்றார் அமைச்சர். முழு நாடும் இருண்டது, நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தின் மூன்று 300 மெகாவாட் அலகுகளும் நின்றன. அந்த அலகுகள் உடனே திரும்பாததால் அடுத்த நாள்களிலும் மின்வெட்டு வந்தது.

இதில் குரங்குக்கு யார் பொறுப்பு? கம்பிவேலியும் காவலும் கடத்தல் கம்பனியின் வேலை. ஆனால் ஒரு உபமின்நிலையப் பழுது அங்கேயே தனிமைப்படாமல் தீவு முழுக்கப் பரவினால், பழுதான பகுதியைத் தானாகத் துண்டிக்கும் பாதுகாப்பு ரிலேக்களை ஒன்றுக்கொன்று ஒத்திசைவாக வைக்க வேண்டியவரும் மாட்டுகிறார். தேவை குறைந்த நாளில் போதிய சுழலும் இருப்பு, அதாவது ஓடிக்கொண்டே உடனே கூடுதல் மின்சாரம் தரக்கூடிய இயந்திரங்கள், வைத்திருக்காவிட்டால், முறைமை இயக்குநரும் மாட்டுகிறார். அலைவெண் ஒப்பந்த எல்லைக்குள் இருக்கும்போதே ஒரு மின்நிலையம் கழன்றால் அது அந்த நிலையத்தின் பிழை, தயாராக இருப்பதற்காக அதற்குக் கொடுக்கும் அன்றைய கொள்ளளவுக் கட்டணத்தை நிறுத்தலாம். எல்லையைத் தாண்டிய பின் கழன்றிருந்தால் அது தன் இயந்திரத்தைக் காப்பாற்றியிருக்கிறது, அதைக் குற்றம் சொல்ல முடியாது. இந்த வித்தியாசம் சில நூறு மில்லி செக்கன்களுக்குள் இருக்கும். ஆகவே எல்லாப் பதிவுக் கருவிகளும் ஜிபிஎஸ் நேரத்தில் ஓட வேண்டும், பதிவுகள் அப்படியே ஒழுங்குபடுத்துநரிடம் போக வேண்டும். இது ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால், பிறகு கூடும் எந்த விசாரணைக் குழுவும் கதைதான் கேட்கும்.

2019 ஓகஸ்ட் 9இல் பிரித்தானியாவில் மின்னல் விழுந்து, ஒரு கடற்காற்றாலையும் ஒரு எரிவாயு நிலையமும் கழன்று, சுமார் 11 இலட்சம் பாவனையாளர்களுக்கு மின்சாரம் போனது. அந்த இரு நிலையங்களும் தலா 45 இலட்சம் பவுண் கொடுத்தன. முறைமை இயக்குநரைக் கேட்காமல் இணைப்பைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கிய விநியோகக் கம்பனி 15 இலட்சம் கொடுத்தது. பணம் ஒரு நிவாரண நிதிக்குப் போனது, இருளில் இருந்தவரின் பில்லுக்கு வரவில்லை. எனக்கு அது அரைக்கிணறு தாண்டிய மாதிரித்தான் படுகிறது.

எவ்வளவு கொடுப்பது என்பதில்தான் ஏமாற்று நடக்கும். மாதம் 90 யூனிட் வீட்டில் 6 மணி நேரம் போனால், வராமல் போனது முக்கால் யூனிட். அதன் விலையைத் திருப்பித் தருகிறோம் என்றால் தேநீர்க் காசும் வராது. புறக்கோட்டையில் உறைமீன் வைத்திருப்பவருக்கோ அதே 6 மணி நேரம் இலட்சக்கணக்கில் நட்டம். ஆகவே வீடுகளுக்கு மணித்தியாலத்துக்கு ஒரு நிலையான தொகை, விண்ணப்பம் இல்லாமல் அடுத்த பில்லில் தானாகக் கழிய வேண்டும். குளிர்களஞ்சியம் போன்றவற்றுக்குத் தனி ஒப்பந்தமும் காப்புறுதியும் வேண்டும். எல்லா நட்டத்தையும் விநியோகக் கம்பனி தலையில் கட்டினால் அதுவும் பிராசோஸ் வழிக்குத்தான் போகும்.

இவ்வளவும் எழுதி, ஒரு வரியை விட்டால் எல்லாம் வீண். கட்டணத்தை நிர்ணயிக்கும்போது செலவைக் கூட்டி, அதற்கு ஏற்ற வருமானத்தைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு அனுமதிக்கிறது. கொடுத்த நட்டஈடு அந்தச் செலவுக்குள் சேர்ந்தால், அடுத்த கட்டணத் திருத்தத்தில் நீங்களே அதைக் கட்டுவீர்கள். அரசுக் கம்பனி என்றால் இது இன்னும் சுலபமாக நடக்கும், திறைசேரியும் உங்கள் பணம்தானே. நட்டஈடு அனுமதிக்கப்பட்ட வருமானத்தில் சேரக் கூடாது, முதலில் இலாபத்திலிருந்தும் மேல்மட்ட ஊக்கத்தொகையிலிருந்தும் கழிய வேண்டும்.

இன்றைய நிலையில் உங்கள் கையில் இருப்பது பதிவு மட்டும்தான். கொழும்பு நகருக்குள் என்றால் 1987, நுகேகொடை, மொரட்டுவை மாதிரி லெக்கோ என்ற விநியோகக் கம்பனியின் பகுதி என்றால் 1910. அழைத்து முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்து வையுங்கள். கரண்ட் போன நேரம், வந்த நேரம், மீற்றரின் படம், பழுதான பொருளைத் திறந்து பார்த்த திருத்துநரின் எழுத்து மூல அறிக்கை, இந்த நான்கும் ஒரே உறையில் இருக்கட்டும். கரண்ட் திரும்பியவுடன் பிரிட்ஜையும் ஏசியையும் போடாமல் ஐந்து, பத்து நிமிடம் பொறுங்கள், முதல் சில நிமிடங்களில்தான் மின்னழுத்தம் ஆடும்.