டாக்டர் சீட்டுக்காக வீட்டை அடகு வைக்காதீர்கள்

அம்மா, உங்கள் கடிதம் கிடைத்தது. மகளுக்கு டாக்டர் சீட் கிடைக்கவில்லை, பணம் கட்டியாவது சேர்த்துவிடு என்று அவள் பெரியப்பா நெருக்குகிறார், வீட்டை அடமானம் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் தவிப்பு புரிகிறது. ஆனாலும் வைக்காதீர்கள்.

கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: குழந்தைகளுக்கு வரும் நோய்களைப் பற்றி ஓயாமல் படிக்கிறாள், ரத்தத்தைப் பார்த்தால் தலைசுற்றுகிறது, கணக்கில் உட்கார்ந்தால் எழுந்திருப்பதில்லை. முதலில் எழுதியிருக்க வேண்டியதே அதுதான். இந்தப் பெண்ணுக்கென்றே ஒரு துறை இருக்கிறது: பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ், மருத்துவ ஆய்வுகளுக்கான புள்ளியியல்.

அதில் என்ன செய்வார்கள் என்று பெரியப்பா கேட்பார். இதைச் சொல்லுங்கள். கடும் காய்ச்சலோடு, ரத்த ஓட்டம் குன்றி வரும் குழந்தைக்கு ரத்தக்குழாய் வழியாக வேகமாகத் திரவம் ஏற்றுவதே சரி என்று மருத்துவ உலகம் நம்பியிருந்தது. ஏற்றியதும் குழந்தை தேறுவதுபோலக் கண்ணுக்கும் தெரிந்தது. உகாண்டா, கென்யா, தான்சானியாவில் நடந்த ஃபீஸ்ட் ஆய்வு இதைச் சோதித்தது. எந்தக் குழந்தைக்கு எந்தச் சிகிச்சை என்பதை டாக்டரின் விருப்பத்துக்கு விடாமல், குலுக்கல் முறையில் பிரித்தார்கள். வேகமாகத் திரவம் ஏற்றிய குழந்தைகளில் 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள் நூற்றுக்குப் பத்துக்கும் மேல், ஏற்றாதவர்களில் 7.3 சதவீதம். 3,141 குழந்தைகள் சேர்ந்திருந்த நிலையில், கணக்கைக் கண்காணித்த தனிக் குழு சேர்க்கையை நிறுத்தச் சொன்னது. முடிவு 2011-இல் வெளியானது. கட்டிலருகே நின்ற அனுபவசாலிகளுக்குத் தெரியாததை எண்கள் காட்டின. அந்த எண்களைக் கையாளுவதுதான் இந்த வேலை.

எத்தனை குழந்தைகளைச் சேர்த்தால் விடை நம்பத்தக்கதாகும்? குழந்தை மாதாமாதம் வளர்ந்துகொண்டே இருக்கும்போது எடையை எதனோடு ஒப்பிடுவது? வீடு மாறிப்போன குடும்பத்தின் விவரம் விடுபட்டால் என்ன செய்வது? நியூசிலாந்தின் டுனீடின் ஆய்வு, 1972-73-இல் பிறந்த 1,037 பேரைக் குழந்தைப் பருவம் முதல் நடுவயது வரை விடாமல் பின்தொடர்கிறது. அப்படி ஒரு தரவு கையில் கிடைத்தால் உங்கள் மகள் சாப்பாட்டையே மறந்துவிடுவாள்.

பாதை எளிது. இளநிலையில் புள்ளியியல் அல்லது கணிதம்; முதுநிலையில் பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ் அல்லது நோய்ப்பரவலியல்; கூடவே புள்ளிவிவரங்களை அலச உதவும் ஆர் (R) என்ற மென்பொருள். முனைவர் ஆய்வுக்குப் பல இடங்களில் உதவித்தொகை உண்டு. குறையையும் சொல்லிவிடுகிறேன்: தொடக்கத்தில் வேலைகள் பெரும்பாலும் திட்டக்கால ஒப்பந்தங்கள்தான், சிறப்பு மருத்துவர் அளவுக்குச் சம்பளம் எதிர்பார்க்க முடியாது. ஆனால் கடனில்லாமல் தொடங்குவாள். மனமில்லாத படிப்புக்கு வாங்கிய கடனை, படிப்பைப் பாதியில் விட்டாலும் அடைத்தே தீர வேண்டும். அப்போது பெரியப்பா தவணை கட்டமாட்டார்.

இந்த வாரம் ஒன்று செய்யுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட குழந்தை வளர்ச்சி அட்டவணைகள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. அவளிடம் கொடுத்து, எப்படித் தயாரித்தார்கள் என்று உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். விளக்கும்போது குறுக்கிடாமல் கேளுங்கள். பெரியப்பாவையும் பக்கத்தில் உட்காரவையுங்கள்.