ஏற்றுமதியையும் அந்நிய முதலீட்டையும் பெருக்க அரசுத் துறைகள் எப்படிச் சேர்ந்து வேலை செய்கின்றன?

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர் கேட்ட கேள்வி மாதிரி இருக்கிறது. மார்க்குக்கான பதில் முதலில்: ஏற்றுமதிக்கு மத்திய வணிக அமைச்சகம், அதன் கீழ் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம், பொருள்வாரியாக வாரியங்கள். முதலீட்டாளருக்கு வழிகாட்ட டெல்லியில் 2009 முதல் இன்வெஸ்ட் இந்தியா, இங்கே மாநில அளவில் 1992 முதல் கைடன்ஸ் தமிழ்நாடு.

இனி நான் பட்டது. கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம் உண்டு. நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக்கில் மிளகுக் கொடி, நடுநடுவே மலை வாழை. எல்லாம் ஒரே பட்டா. ஆனால் வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும் என்றால் காப்பிக்கு பெங்களூரில் காப்பி போர்டு, மிளகுக்குக் கொச்சியில் ஸ்பைசஸ் போர்டு, பழத்துக்கு டெல்லியில் அபீடா என்கிற வேளாண் பொருள் ஏற்றுமதி ஆணையம். மூன்றும் அதே வணிக அமைச்சகத்தின் கீழ்தான். பூச்சி, நோய் இல்லை என்ற சான்று வேளாண் அமைச்சகத்திடம், சுங்கம் நிதி அமைச்சகத்திடம்.

மச்சான் மூலமாக ஜெர்மனியில் காப்பிக்கடை வைத்திருக்கும் ஒருவர் பழக்கமானார். சாம்பிள் பிடித்துப்போய், காப்பியும் மிளகும் ஒரே தோட்டத்துச் சரக்காகச் சேர்த்து வேண்டும் என்றார். ஏற்றுமதி எண் 500 ரூபாயில் ஆன்லைனிலேயே கிடைத்துவிட்டது, அதில் குறையே இல்லை. அப்புறம்தான் அலைச்சல். காப்பிக்குப் பதிவு தனி, மிளகுக்குத் தனி. ஒரு இடத்தில் கொடுத்த அதே காகிதங்களை இன்னொரு இடத்தில் முதலிலிருந்து கொடுக்க வேண்டும். காட்டை அழித்த நிலத்தில் விளைந்த சரக்கு வரக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கொண்டுவந்த சட்டத்தில் காப்பி வருகிறது. அதனால் ஜெர்மன்காரர் தோட்டத்தின் ஜிபிஎஸ் புள்ளி கேட்டார். பக்கத்திலேயே ஏறி நிற்கும் மிளகுக்கு அந்தச் சட்டம் கிடையாது, அதற்குப் பூச்சிமருந்து எச்சப் பரிசோதனை.

"ரெண்டையும் சேர்த்து அனுப்ப யாரைப் பார்க்கணும் சார்?" என்று ஒரு அலுவலகத்தில் கேட்டேன். "மிளகுன்னா சொல்றேன், காப்பி எங்களுது இல்லையே" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. சேர்த்துக் கேட்டால் பதில் சொல்ல ஒரு நாற்காலி இல்லை, அவ்வளவுதான். கடைசியில் இரண்டு பதிவும் வைத்திருந்த பட்டிவீரன்பட்டி வியாபாரி ஒருவரிடம் கொடுத்தோம். சரக்கு அவர் பெயரில் போனது. ஜெர்மன்காரர் இப்போது அவரிடமே வாங்குகிறார்.

உடனே யாராவது "எல்லாம் ஆன்லைன்ல இருக்கு, உமக்குத்தான் தெரியல" என்று கிளம்புவார்கள். இருக்கிறது ஐயா, ஆளுக்கொரு தளமாக இருக்கிறது. வாரியங்களே வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. தாண்டிக்குடியிலேயே காப்பி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. காப்பிச் செடியைக் குடையும் தண்டுத் துளைப்பான் பூச்சி வந்தால் நாங்கள் ஓடுவது அங்கேதான்.

ஆனால் காப்பித் தோட்டத்தில் நூறு சதவீத அந்நிய முதலீட்டுக்கு 2015இலேயே கதவைத் திறந்துவிட்டார்கள். வெளிநாட்டுக் கம்பெனி வந்தால் துறை துறையாகக் கூடவே நடக்க ஆள் உண்டு. அதே உபசாரம் மலைக்காரனுக்கும் கிடைத்தால் என்னவாம்? ஒவ்வொரு மாவட்டமும் ஏற்றுமதி மையமாக வேண்டும் என்று 2019 சுதந்திர தின உரையில் பிரதமர் சொன்னார், அதற்கு மாவட்டக் குழுக்களும் போட்டார்கள். பயிரைப் பார்க்காமல் இடத்தைப் பார்க்கும் யோசனை, எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.

  

சரி, நீங்கள் தேர்வுக்கு இல்லாமல் நிஜமாகவே அனுப்பப் போகிறவர் என்றால், முதல் தடவை ஒரே ஒரு பொருளோடு போங்கள். வாங்குபவர் எவ்வளவு கெஞ்சினாலும் இரண்டைச் சேர்க்காதீர்கள்.